வளையலை அடகு வைக்க வேண்டாம், அக்கா

அக்கா,

போன சனிக்கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். மூன்று கேள்வி கேட்டீர்கள். இலங்கை நிர்வாக சேவைச் சோதினைக்குப் படிக்க மகள் வேலையை விடட்டுமா? வளையல் இரண்டையும் அடகு வைத்து கொழும்பில் அறை எடுத்து கிளாசுக்கு விடட்டுமா? இங்கிலீசில் எழுதினால்தான் எடுபடுமா? வெளியில் ஆட்கள் காத்திருந்தபடியால் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது எனக்கே சரியாகப் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மகளும் வாசிக்கட்டும். கதைத்த முக்கால் மணித்தியாலத்தில் அவள் பத்து வசனம்கூடப் பேசவில்லை.

முதலில் வேலை. விடவே வேண்டாம். பட்டம் முடித்து, வருடக்கணக்காக வீட்டில் இருந்து, கச்சேரி (மாவட்டச் செயலகம்) முன்னால் வெயிலில் நின்று போராடிய பிள்ளைகளை இந்த மட்டக்களப்பு மாவட்டம் கண்டிருக்கிறது. அப்படிக் கிடைத்த அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலையை ஒரு சோதினைக்காக உதறக்கூடாது. இந்தச் சோதினை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) மாதிரி வருடத்துக்கு ஒரு தடவை என்று கலண்டரில் குறித்து வருவதில்லை. வெற்றிடம் பார்த்துத்தான் அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வரும். எழுதினால் முடிவு வரக் காத்திருக்க வேண்டும், பிறகு நேர்முகம், பிறகு நியமனம். அவ்வளவு காலமும் வருமானமில்லாமல் வீட்டில் இருக்கிற பிள்ளைக்குப் படிப்பு ஓடாது. முற்றத்தால் போகிறவர்கள் எல்லாரும் "இன்னும் ஒண்டும் சரிவரல்லையா மகள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே பாதி மூளை போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. திறந்த போட்டிப் பரீட்சைக்கு வயது எல்லை உண்டு. அது கடந்துவிட்டாலும், அரச சேவையில் இருப்பவர்களுக்கென்று மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை என்று இன்னொரு வாசல் இருக்கிறது. இன்றைக்கு வேலையை விட்டால் அந்த வாசலையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள்.

வேலைக்குப் போவதால் படிப்பு கெடுகிறது என்றீர்கள். நான் அதை மறுபக்கமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு நீங்கள் மகள் வேலை செய்யும் இடத்தை "ஏ.ஜீ.ஏ. கந்தோர்" என்றீர்கள். மகள் சிரித்துவிட்டு "பிரதேச செயலகம் அம்மா" என்று திருத்தினாள். பெயர் ஏன் மாறியது என்று கேட்டேன். தெரியவில்லை. தினமும் காலையில் கையெழுத்து வைக்கிற இடம் அது. உதவி அரசாங்க அதிபரின் கந்தோராக இருந்தது பிரதேச செயலகமானதன் பின்னால் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்னால் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகளும் வந்தன. இன்னும் பின்னால் போனால், சிவில் சேவையை 1963 மே முதலாம் திகதியோடு கலைத்து, அந்த இடத்தில் நிர்வாக சேவையைக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் வாயிலிருக்கும் பழைய பெயரிலிருந்து ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அரை நூற்றாண்டு நிர்வாக வரலாறு வந்துவிடும். நோட்சில் இதையே ஆண்டு, சட்டம் என்று இரண்டு நிரலாகப் போட்டிருப்பார்கள். பாடமாக்கினால் மண்டபத்து வாசலில் மறந்துபோகும்.

மகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். நீ வேலை செய்கிற கந்தோரும் பிறந்த மாவட்டமும்தான் உன்னுடைய புத்தகம். அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் வரவில்லை என்று உன் மேசைக்கு முன்னால் நின்று ஏசுகிற பெண்ணைப் பார். 2023இல் அந்தத் திட்டம் வந்தபோது யாரைத் தெரிவு செய்வது, எந்த அளவுகோலில், மேன்முறையீட்டை யார் பார்ப்பது என்று எத்தனை குழப்பம்! 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது, அடுத்த வருடம் மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலருக்கு ஒப்புதல் கொடுத்தது, அதனோடு சமூகப் பாதுகாப்பை மாற்றியமைக்கும் பேச்சு வந்தது. இவற்றின் கடைசி முனைதான் உன் மேசைக்கு முன்னால் நிற்கிறது. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதும் அப்படித்தான். அதைக் கொள்கை என்று படிக்காதே. படுவான்கரையில் வயல் செய்கிற மாமாவிடம் போய், அந்தப் போகம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை குறைந்தது என்று கேள். அவர் சொல்லும் கணக்கோடு எழுதுகிற கட்டுரை, நூறு பேர் ஒரே நோட்சைப் பார்த்து எழுதும் கட்டுரையோடு சேராது.

ஒரு சம்பவத்தைத் தந்து 'நீங்கள் அதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்கும் வினாக்களுக்கும் நமது ஊர் போதும். மாரி மழை கொட்டி வாவி நிரம்பியதும், அது கடலோடு சேருமிடத்தில் மணல் அடைத்துக் கிடக்கும் முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி வயல்காரர் வருவார்கள். பயிர் தண்ணிக்குள் கிடக்கிறது, ஒரு நாள் பிந்தினாலும் அழுகிவிடும். வாவியில் வலை போடுகிறவருக்கோ அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்ற பயம். நீர்ப்பாசனத் திணைக்களம் ஒரு நீர்மட்டம் சொல்லும், கடற்றொழில் பக்கம் வேறொன்று சொல்லும். யாரைக் கூப்பிட்டுக் கதைப்பாய்? எந்தத் தகவல் கையில் இல்லாமல் முடிவெடுக்கக்கூடாது? முடிவை எப்படி எழுதி வைப்பாய், நாளைக்கு ஒருவர் தகவலறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் காட்டுவதற்கு? இதை ஒரு பக்கத்தில் எழுதிப் பார். எழுதும்போதுதான் எங்கே உனக்குத் தெரியாது என்பது தெரியவரும்.

எழுத்துத்தான் பிள்ளைகளை வீழ்த்துகிற இடம். நுண்ணறிவு வினாக்களைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. பழைய வினாத்தாள்களை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுருக்கம் எழுதச் சொன்னால் பட்டதாரிகளே தடுமாறுகிறார்கள். மூலத்தில் அங்கொரு வசனம், இங்கொரு வசனம் பொறுக்கி ஒட்டிவிடுகிறார்கள். காலையில் வீரகேசரியோ தினகரனோ, ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, பேப்பரை மூடி வைத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்காக உன் சொந்த வசனத்தில் எழுது. மூடிவைப்பதுதான் முக்கியம். கந்தோர்த் தமிழ் கையில் ஒட்டாமல் பார்த்துக்கொள். "மேற்படி விடயம் தொடர்பில் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகின்றது" என்று ஆறு மாதம் எழுதினால், யார் செய்தார், என்ன செய்தார் என்று நேராகச் சொல்ல வராது. நானும் பன்னிரண்டு வருடம் கந்தோரில் இருந்தவன். வீட்டில் மனைவிக்கு எழுதிய கடைச் சீட்டில்கூட "மேற்படி பொருட்கள்" என்று போட்டிருக்கிறேன்.

இங்கிலீசில் எழுத வேண்டுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: தமிழிலேயே எழுதட்டும். எந்த மொழியில் யோசிக்கிறாளோ அதில்தான் கட்டுரை நிற்கும். விண்ணப்பத்தில் குறித்த மொழியைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்கட்டும். இங்கிலீஸ் வாசிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இப்போதே தொடங்க வேண்டியது சிங்களம். நியமனம் கிடைத்த பிறகு மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்டியே ஆகவேண்டும், பதவி நிரந்தரத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது தேவை. இந்த இடத்தில் உங்களுக்கும் ஒரு விசயம், அக்கா. உதவிப் பிரதேச செயலாளராகப் போடுகிற முதல் இடம் மட்டக்களப்பாகத்தான் இருக்கும் என்று யாரும் வாக்குத் தரமாட்டார்கள். சிங்களப் பகுதியான மொனராகலையாகவும் இருக்கலாம். "மகள் ஊரோட இருப்பாள்" என்று நினைத்துத்தான் இந்தச் சோதினைக்கு விடுகிறீர்களென்றால், அதை இப்போதே மகளோடு பேசித் தீருங்கள்.

விண்ணப்பத்தில் கோட்டைவிடுவதைப் பார்த்தால் வயிறு எரியும். என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு, பட்டம் வலுவுக்கு வந்த திகதி விண்ணப்ப முடிவுத்திகதிக்குப் பிந்திப் போயிருந்தது. பட்டமளிப்பு விழாவுக்குச் சேலைகூட வாங்கியாகிவிட்டது, தகுதி மட்டும் இல்லை. இன்னொருவர் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தாமல் அனுப்பினார். வர்த்தமானியை ஆறுதலாக இருந்து முழுதாக வாசிக்க வேண்டும். வயது எந்தத் திகதிக்குக் கணக்கிடப்படுகிறது, எந்தச் சான்றிதழ், திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் குறி போட வேண்டும். வட்சப்பில் வருகிற சுருக்கத்தை நம்ப வேண்டாம்.

இனி வளையல். கொழும்புக் கிளாசில் நல்லவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே வாங்கக்கூடியது நோட்சும் மாதிரி வினாத்தாளும்தான். எழுதிய விடையை வாசித்து, "இந்தப் பந்தியில் நீ ஒன்றும் சொல்லவில்லை" என்று சிவப்புப் பேனையால் கீறித் தருகிற ஆள்தான் இவளுக்கு இல்லை. அதற்குப் பணம் தேவையில்லை. ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை என்று இதே சோதினைக்குப் படிக்கிற நாலைந்து பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஞாயிறு காலையில் ஒன்றாக உட்கார்ந்து எழுதி, தாளை மாற்றித் திருத்தினால் போதும். அவளுக்கென்று கட்டத் தொடங்கிய வீடு இன்னும் கூரை ஏறவில்லை என்றீர்களே, கையிலுள்ளது அதற்கிருக்கட்டும்.

உங்கள் பக்கத்தில் ஒரேயொரு வேலைதான். விடிய நாலரையிலிருந்து ஆறரை வரைக்கும் அவளை ஒன்றுக்கும் கூப்பிடாதீர்கள். முற்றம் கூட்டுவதைத் தம்பிக்காரன் செய்யட்டும், கை தேயாது. கலியாணப் பேச்சு வந்தால் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பார்க்க வருகிறவர்களிடம் இந்தச் சோதினையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். மொனராகலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை மகளைத் தனியாக அனுப்புங்கள். முகத்துவாரம் வெட்டுவதா வேண்டாமா என்ற அந்த ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டு வரட்டும். பத்து மணிக்கு முன்னம் வந்தால் ஆறுதலாகத் திருத்தலாம்.