பதில்: பரோட்டா வீச்சு வீடியோவை முப்பது தடவை பார்த்தும் மாவு கிழிகிறது

இன்னும் பார்ப்பதால் பயனில்லை. 2018இல் வந்த கார்டாஸ், ஓபிரையன் என்ற ஆய்வாளர்களின் ஆய்வில், மேலிருக்கும் தட்டுகள் விழாமல் மேசைவிரிப்பை உருவும் வித்தையை வீடியோவில் 20 முறை பார்த்தவர்களுக்கு, தம்மாலும் முடியும் என்ற நம்பிக்கைதான் கூடியது. காரணம் எளிது: கண்ணுக்கு அசைவு தெரியும், மாவின் இழுப்பு தெரியாது. அது விரல்வழியே மூளைக்குப் போக வேண்டும்.

வீசும் 5 விநாடியை மட்டும் பாதி வேகத்தில் மூன்று முறை பாருங்கள். மணிக்கட்டை மட்டும். உடனே, நனைத்துப் பிழிந்த கைக்குட்டையில் பத்துத் தடவை வீசுங்கள் (மாவை வீணாக்காதீர்கள்). உங்கள் கையைப் படமெடுத்து ஒப்பிட்டு, ஒரே ஒரு பிழையைத் திருத்துங்கள். பிறகு மீண்டும் வீடியோ. எதிரே நின்று எடுத்த வீடியோ என்றால் இடம்வலம் மாறித் தெரியும். மாஸ்டரின் தோளுக்குப் பின்னிருந்து எடுத்ததைத் தேடுங்கள்.

மாவு ஊறியதா? அவசர மாவு யார் வீசினாலும் கிழியும்.