ஒரே சட்டியில் ஸ்டேக்கும் க்ரீம் பாஸ்தாவும்: சாஸ் ஏன் திரிந்துபோனது?

கேள்வி: டொராண்டோவில் அபார்ட்மென்ட் வாசம். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் க்ரீம் பாஸ்தா, அதன்மேல் ஸ்டேக் (மாட்டிறைச்சித் துண்டு) என்றால் உயிர். வீட்டிலேயே செய்துபார்த்தேன். 'ஃபாஸ்ட் ஃப்ரை' என்று போட்டிருந்த பாக்கெட்டில் நாலு துண்டு வாங்கி, நான்ஸ்டிக் சட்டியில் ஒன்றாகப் போட்டேன். தண்ணீர் விட்டுக்கொண்டு சாம்பல் நிறத்தில் வெந்தது, மெல்ல முடியவில்லை. அதே சட்டியில் ஹாஃப் அண்ட் ஹாஃப் (பாலும் க்ரீமும் கலந்தது) ஊற்றி எலுமிச்சை பிழிந்தேன், திரிந்துவிட்டது. சீஸ் தூவியதும் உருண்டை கட்டிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது. பாஸ்தா ஒட்டக்கூடாது என்று பச்சைத் தண்ணீரில் அலசி வைத்திருந்தேன், அதில் சாஸே ஏறவில்லை. நாங்கள் ஒயின் சேர்ப்பதில்லை. மின்சார அடுப்புதான். எங்கே தவறு?

பதில்: நீங்கள் சொன்ன நாலு கோளாறில் மூன்று, சட்டியின் சூடு சம்பந்தப்பட்டவை. ஸ்டேக்குக்குச் சட்டி புகையும் அளவுக்குக் காய வேண்டும். க்ரீமுக்கும் சீஸுக்கும் அதே சட்டி நன்றாகத் தணிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். இறைச்சி போட்டபோது சூடு போதவில்லை. க்ரீம் ஊற்றியபோது சூடு அதிகம். மின்சார அடுப்பில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் திருகைக் குறைத்தாலும் அடுப்பின் சுருள் கம்பி (காயில்) பல நிமிடம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். கேஸ் அடுப்பை நம்பி எழுதப்பட்ட குறிப்புகளில் 'தீயைக் குறைக்கவும்' என்று வரும் இடத்திலெல்லாம் நீங்கள் சட்டியையே தூக்கிப் பக்கத்து அடுப்பில் வைக்க வேண்டும்.

முதலில் இறைச்சி. 'ஃபாஸ்ட் ஃப்ரை' என்பது ஒரு சென்டிமீட்டர் அளவில் மெல்லியதாக வெட்டியது. மேற்புறம் சிவப்பதற்குள் உள்ளே முழுக்க வெந்து தாண்டிவிடும். சாண்ட்விச்சுக்கு ஆகும், இந்தச் சாப்பாட்டுக்கு ஆகாது. கனடாக் கடைகளில் லேபிளே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. 'கிரில்லிங் ஸ்டேக்' என்று போட்டிருந்தால் நேராகச் சட்டியில் போடலாம். 'மாரினேட்டிங் ஸ்டேக்' என்றால் ஊறவைத்தால்தான் மெல்ல வரும். 'சிம்மரிங் ஸ்டேக்' குழம்பில் நெடுநேரம் வேக வேண்டியது. கிரில்லிங் வகையில் ஸ்ட்ரிப்லாயின் அல்லது ரிப் ஐ வாங்குங்கள்; செலவு இடித்தால் டாப் சர்லாயின் போதும். பருமன் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் இருக்கட்டும். ஆளுக்கொரு துண்டு வேண்டியதில்லை. 300 கிராம் எடையில் இரண்டு தடித்த துண்டு வாங்கி, சமைத்தபின் நறுக்கிப் பரப்பினால் நாலு பேருக்குத் தாராளம். மெலிந்த நாலு துண்டை விடத் தடித்த இரண்டு துண்டு எப்போதும் மேல்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில பாக்கெட்டுகளில் 'மெக்கானிக்கலி டெண்டரைஸ்டு' என்று இருக்கும். மெத்தென்று இருப்பதற்காக ஊசிகளாலோ மெல்லிய கத்திகளாலோ குத்தப்பட்ட இறைச்சி அது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டியின் சூட்டில் செத்துவிடும். குத்தும்போது அவை உள்ளே போய்விடுகின்றன. 2012-ல் ஆல்பர்ட்டா மாட்டிறைச்சி வழியாக ஈ.கோலை என்ற கிருமி பரவிய பிறகு கனடாவில் இதற்குக் கவனம் கூடியது; 2014 முதல் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். அப்படிப்பட்ட துண்டானால் உள்ளே 63 டிகிரி செல்சியஸ் எட்டுவது கட்டாயம், நடுவில் இரண்டு முறையாவது திருப்பவும் வேண்டும்.

உப்பு போடும் நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். உப்புப் பட்ட ஐந்து, பத்து நிமிடத்தில் இறைச்சி தண்ணீர் விடும். அந்த ஈரத்தோடு சட்டியில் போட்டால், சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். தண்ணீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கோ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். உங்கள் ஸ்டேக் சாம்பல் நிறமானதற்கு இதுதான் காரணம். நான்ஸ்டிக் சட்டியில் நெருக்கியடித்துப் போட்டது அதை இன்னும் கெடுத்தது. முக்கால் மணி நேரம் பொறுத்தால் வெளியே வந்த நீர் உப்போடு திரும்ப உள்ளே இழுக்கப்பட்டுவிடும். எனவே ஒன்று, சட்டியில் போடும் நொடியில் உப்பு; அல்லது முக்கால் மணி நேரத்துக்கு முன்பே உப்பு. முதல் நாள் இரவே உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு கம்பித் தட்டின்மேல் வைத்தால் மேற்புறம் காகிதம்போல் உலர்ந்துவிடும். என்னைக் கேட்டால் இதற்கு ஈடில்லை. 'அரைமணி நேரம் வெளியில் வைத்துக் குளிர் போக்குங்கள்' என்பதை நான் பொருட்படுத்துவதில்லை. தடித்த துண்டின் நடுவில் அந்த நேரத்துக்குள் சில டிகிரிகூட ஏறாது. கிச்சன் டிஷ்யூவால் ஒற்றி எடுப்பதற்குத்தான் பலன் அதிகம்.

சட்டி வார்ப்பிரும்போ கனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருக்கட்டும். நான்ஸ்டிக்கை அந்த அளவு காய வைக்கக் கூடாது, சாஸுக்கு வேண்டிய அடிப்பிடிப்பும் அதில் வராது. எண்ணெய் கனோலா போதும். நெய் இருந்தால் இன்னும் நல்லது: பால்திடப்பொருள் நீங்கியிருப்பதால் வெண்ணெய்போலச் சீக்கிரம் கருகாது. புகை வரும், ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்டைப் போட்டுவிடுங்கள். அபார்ட்மென்ட் அலாரம் நம் சமையலைப் புரிந்துகொள்வதில்லை. இரண்டு துண்டுகளுக்கும் நடுவே இடம் விட்டுப் போட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை திருப்புங்கள். ஒரே தரம்தான் திருப்ப வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு; அடிக்கடி திருப்பினால் உள்ளே சூடு சீராக ஏறுகிறது, வேகமாகவும் வேகிறது. மூன்று சென்டிமீட்டர் துண்டுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகலாம். ஆனால் கடிகாரத்தை நம்பாமல் ஒரு இறைச்சித் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். பக்கவாட்டில் குத்தி நடுப்பகுதியைப் பாருங்கள்.

எத்தனை டிகிரி? உணவகங்களில் மீடியம் ரேர் (நடுவில் சிவப்பு மாறாத பதம்) என்று தருவது பெரும்பாலும் 54 முதல் 57. கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா மீடியம் ரேருக்கே 63, மீடியத்துக்கு 71 என்கிறது. பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு, ஆகவே ஹெல்த் கனடாக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு மாற்றிய பிறகும் தடித்த துண்டில் இரண்டு மூன்று டிகிரி ஏறும். 60-ல் எடுத்து வைத்து, 63 எட்டிவிட்டதா என்று தட்டிலேயே மறுபடி குத்திப் பாருங்கள். எட்டாவிட்டால் சட்டிக்கே திருப்பி அனுப்பலாம். அந்த அளவிலும் ஸ்ட்ரிப்லாயின் சாறோடுதான் இருக்கும்.

பலமான சூட்டில் வாட்டினால் 'சாறு உள்ளே பூட்டப்படும்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1847-ல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பரப்பிய கருத்து, தவறு. சட்டியில் கேட்கும் 'சுர்' சத்தமே சாறு வெளியேறும் சத்தம்தான். வாட்டுவது சுவைக்காக.

இனி நான் சொல்ல வந்த இடம். ஸ்டேக்கை எடுத்ததும் சட்டியைச் சுருள் கம்பியிலிருந்து தூக்கிவிடுங்கள். இறைச்சி ஏழெட்டு நிமிடம் ஆற வேண்டும், இல்லாவிட்டால் நறுக்கும்போது சாறெல்லாம் பலகையில் ஓடும். அந்த ஏழெட்டு நிமிடம்தான் சாஸ் செய்யும் நேரம். இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தது போலப் பொருந்துகின்றன. தனித்தனியாக நேரம் ஒதுக்குகிறவர்களுக்குத்தான் ஸ்டேக் சில்லிட்டுப் போகிறது.

சட்டியில் தேங்கிய எண்ணெயை வடித்துவிட்டு, ஒரு நிமிடம் ஆறவிட்டு, நடுத்தரத்துக்கும் குறைவாக வைத்திருக்கும் வேறொரு அடுப்பில் ஏற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்து, பூண்டு நாலு பல். பூண்டு சிவக்கக்கூடாது, வாசம் வந்தால் போதும். உப்புக் குறைந்த ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) 150 மில்லி ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். பழுப்பாக ஒட்டியிருப்பதெல்லாம் கரைந்து வரும். சாஸின் ருசியில் பெரும்பங்கு அதுதான். ஒயின் சேர்ப்பவர்கள் சேர்க்கும் இடம் இது. நீங்கள் ஸ்டாக்கோடு நிறுத்திக்கொண்டு, புளிப்புக்குக் கடைசியில் எலுமிச்சை பிழியலாம். ஸ்டாக் பாதியாகச் சுண்டட்டும். காளான் பிடிக்குமானால் வெங்காயத்துக்கு முன்பே போட்டு நீர் வற்ற வதக்குங்கள்.

அடுத்து க்ரீம். ஹாஃப் அண்ட் ஹாஃப் திரிந்ததில் வியப்பில்லை. அதில் கொழுப்பு 10 சதவீதம்தான். மீதியில் பால்புரதம் கணிசமாக இருக்கிறது. சூடும் எலுமிச்சைப் புளிப்பும் சேர்ந்தால் அந்தப் புரதம் திரளும். பனீர் செய்யும் முறையும் அதுவே. 35 சதவீத விப்பிங் க்ரீமில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு. கொதித்தாலும் சிறிது புளிப்புப் பட்டாலும் தாங்கும். கடையில் கிடைக்கும் 237 மில்லி சின்ன டப்பா நாலு பேருக்குச் சரியான அளவு. இந்தியாவில் இருப்பவர்கள் இதைச் செய்தால், அட்டைப்பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீம் பெரும்பாலும் 25 சதவீதம். அதைக் கொதிக்க விடாமல் கடைசியில் சேர்க்க வேண்டும். க்ரீம் ஊற்றி, ஓரத்தில் மட்டும் குமிழி வரும் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம். கரண்டியின் பின்பக்கத்தில் படிந்தால் போதும். வேண்டிய பதத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள், ஆறும்போது இன்னும் இறுகும். ஸ்டேக் தட்டில் கசிந்திருக்கும் சாற்றையும் இதிலேயே ஊற்றிவிடுங்கள்.

சீஸ் சேர்க்கும்போது சட்டி அடுப்பில் இருக்கவே கூடாது. அதிகச் சூட்டில் பார்மசான் சீஸின் புரதம் சுருங்கி ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், நீங்கள் கண்ட உருண்டை அதுதான். டப்பாவில் தூளாக வருவதில் கட்டி பிடிக்காமலிருக்க செல்லுலோஸ் என்ற தாவர நார் கலந்திருப்பதால் மணல்போல நிற்கும். கட்டியாக வாங்கி வீட்டில் மெல்லியதாகத் துருவுங்கள். 60 கிராம் போதும். இரண்டு மூன்று கைப்பிடியாகத் தூவி, ஒவ்வொன்றும் கரைந்தபிறகு அடுத்ததைப் போடுங்கள்.

பாஸ்தாவை அலசியதில் நீங்கள் கழுவி ஊற்றியது மாவுப்பொருளை. அதுதான் சாஸைப் பாஸ்தாவில் ஒட்ட வைப்பது. க்ரீமையும் சீஸையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பதும் அதுவே. 400 கிராமுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு எட்டு கிராம் உப்பு. ஸ்டேக்கிலும் சீஸிலும் உப்பு இருப்பதால் இதற்கு மேல் வேண்டாம். எண்ணெய் ஊற்றாதீர்கள். ஸ்டேக் சட்டியில் விழும்போது பாஸ்தாத் தண்ணீர் கொதித்துத் தயாராக இருக்கட்டும். ஸ்டேக்கை எடுக்கிற சமயத்தில் பாஸ்தாவைப் போட்டால் சாஸும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே இடுக்கியால் எடுத்து, சீஸுக்கு முன்னால், நேராகச் சாஸில் போடுங்கள். கூடவே அரை கப் பாஸ்தாத் தண்ணீர். கிளறக் கிளறப் பளபளவென்று சேர்ந்துவரும். அப்போது சட்டியை இறக்கி, சீஸ். கடைசியாக எலுமிச்சை, இடித்த மிளகு. நாடாபோன்ற ஃபெட்டுச்சினி அழகாக இருக்கும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் குழாய்போன்ற ரிகடோனி வசதி.

காரம் போதாது என்று கரம் மசாலா பக்கம் கை போகும்; தடுத்துக்கொள்ளுங்கள். க்ரீமுக்கும் மாட்டிறைச்சிக்கும் மிளகைப்போலப் பொருந்துவது வேறில்லை. மிளகும் க்ரீமும் சேர்ந்த ஸ்டேக்கை 'ஸ்டேக் ஓ புவாவ்ர்' என்று பிரெஞ்சுக்காரர்கள் தனிப் பதார்த்தமாகவே வைத்திருக்கிறார்கள். மிளகைக் காய்ந்த சட்டியில் போட்டால் கருகிக் கசக்கும், ஆகவே சாஸில் தாராளமாக.

இத்தாலியக் குறிப்பு தேடிக் குழம்ப வேண்டாம். அங்கே பாஸ்தா முதல் பந்தி, இறைச்சி அடுத்த பந்தி, ஒரே தட்டில் வருவதில்லை. ரோமில் ஆல்ஃபிரடோ தி லேலியோ என்ற உணவகக்காரர் புகழாக்கிய ஃபெட்டுச்சினியிலும் வெண்ணெய், பார்மசான், பாஸ்தாத் தண்ணீர் மட்டும்தான். க்ரீம் சேர்ந்தது அட்லாண்டிக்கைத் தாண்டிய பிறகு. உங்கள் பிள்ளைகள் விரும்பும் தட்டு வட அமெரிக்கத் தயாரிப்பு.

பரிமாறும்போது ஸ்டேக்கைத் தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக, அரை விரல் தடிமனில் நறுக்கிப் பாஸ்தாவின் மேல் அடுக்குங்கள். உள்ளே போட்டுக் கிளறினால் இறைச்சி மறுபடி வெந்துவிடும், சாஸின் நிறமும் கெடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாஸ் கெட்டுவிட்டால்? எண்ணெய் மிதந்தால் பயமில்லை, அது அதிகம் சுண்டியதன் அறிகுறி. இறக்கிவைத்து இரண்டு கரண்டி பாஸ்தாத் தண்ணீர் விட்டு வேகமாக அடித்தால் சேர்ந்துவிடும். வெள்ளைத் துகள்களாகத் திரிந்திருந்தால் அது பழைய நிலைக்கு வராது. வடிகட்டிவிட்டுக் கொஞ்சம் புதுக் க்ரீம் சேர்த்துச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஸ்டேக்கைத் தனியாக. மறுநாள் பாஸ்தாவை மட்டும் நாலு கரண்டி பால் விட்டுக் குறைந்த சூட்டில் கிளறிச் சுட வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், எண்ணெய் பிரிந்துவிடும். ஸ்டேக்கைச் சுட வைக்காமல் மெல்லியதாக நறுக்கி, கடுகு சாஸ் தடவிய ரொட்டிக்குள் வைத்துப் பிள்ளைகளின் லஞ்ச் பாக்ஸில் ஐஸ் பேக்கோடு அனுப்பிவிடலாம்.