88 வந்ததற்காகக் கலங்க வேண்டாம்

வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்த கொஞ்ச நாளிலேயே, இன்னும் சரியாகப் பழகாத மொழியில் மகளுக்கு ஐக்யூ சோதனை வைத்து 88 என்று சொன்னார்கள், மந்தமா என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். மந்தம் இல்லைங்க. சராசரி 100, மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85க்கும் 115க்கும் நடுவில்தான் வருவார்கள். அவளும் அதற்குள்தான் இருக்கிறாள், அதுவும் அரைகுறையாகத் தெரிந்த மொழியில்.

1970களில் ராபர்ட் செர்பெல் என்ற உளவியலாளர் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவின் குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். பார்த்த உருவத்தைத் தாளில் வரைவதில் இங்கிலாந்துப் பிள்ளைகள் முந்தினார்கள், அதையே கம்பியை வளைத்துச் செய்யச் சொன்னால் ஜாம்பியப் பிள்ளைகள் முந்தினார்கள் (அங்கே கம்பியில் பொம்மை செய்வது அன்றாட விளையாட்டு), களிமண்ணில் இரு தரப்பும் சமம். பழக்கம் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். 1905இல் இந்த வகைச் சோதனையைத் தொடங்கிய பிரெஞ்சு உளவியலாளர் பினேகூட உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் அதை உருவாக்கினார், அறிவு மாறாத அளவு என்பதை அவரே ஏற்கவில்லை.

மொத்த எண்ணை விட்டுவிட்டு, பகுதிவாரி மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள். சொல் சார்ந்த பகுதி மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் மொழிதான் காரணம். அப்புறம், தாய்மொழியில் மறுபடி சோதிக்க முடியுமா என்று எழுத்துமூலமாகவே கேளுங்கள், அதுவரை இந்த மதிப்பெண்ணை வைத்து அவளை வேறு வகுப்புக்கு மாற்றச் சம்மதிக்காதீர்கள்.