பாலியல் நோய்த் தடுப்புக்கு ஊர்ச் சங்கம் மானியம் எடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் கரையோரக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் சேர்ந்து பாலியல் நோய்த் தடுப்பு வேலை செய்ய யோசிக்கிறோம். இதற்கு யார் மானியம் தருவார்கள்? எங்களைப் போன்ற சின்னச் சங்கத்துக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்திலிருந்து வராது, நினைக்கிற வேகத்திலும் வராது. நான் சுகாதாரத் துறை ஆள் இல்லை, திருகோணமலையில் தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்த்தவன், அவற்றில் இந்த வகைப் புரொஜெக்ட்களும் இருந்தன. ஆகவே காசுப் பக்கத்திலிருந்துதான் என்னால் சொல்ல முடியும். வவுச்சர் கட்டைப் புரட்டினாலே வேலை உண்மையில் நடந்ததா, இல்லை ஹோட்டல் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்ததா என்பது பாதி தெரிந்துவிடும்.

முதலில் காசு வரும் வழி. இலங்கையில் எச்.ஐ.வி, பாலியல் நோய்த் தடுப்புக்கு வெளியிலிருந்து வரும் பணத்தில் பெரிய பங்கு உலக நிதியத்தினுடையது, அதாவது எயிட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் என்று 2002இல் தொடங்கி ஜெனிவாவிலிருந்து இயங்குவது. அது நாடுகளுக்கு மூன்று வருடத் தவணையாகக் கொடுக்கிறது. இங்கே அதைப் பெறுபவர்கள் ஒரு பக்கம் சுகாதார அமைச்சு, அதாவது தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், மறுபக்கம் குடும்பத் திட்டமிடல் சங்கம். அவர்களுக்குக் கீழே துணை நிறுவனங்கள், அதற்கும் கீழேதான் ஊர். நேரே ஜெனிவாவுக்கு மெயில் போட்டுப் பிரயோசனம் இல்லை, அந்தத் துணை நிறுவனங்களில் கிழக்கில் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு அவர்களிடம் போக வேண்டும். இன்னொன்று, அந்தக் காசு பொதுவான விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வருவதில்லை. பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்கள், திருநங்கைகள், போதைப்பொருள் பாவிப்பவர்கள், கடற்கரையில் உல்லாசப் பயணிகளோடு திரியும் இளைஞர்கள் என்று குறிப்பிட்ட ஆட்களுக்காகத்தான் வரும். இலங்கையில் வயது வந்தோரில் எச்.ஐ.வி உள்ளவர்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவு, அதனால் ஊர் முழுக்கப் பேசுவதைவிட ஆபத்து கூடிய இடத்தில் காசைப் போடுவதுதான் சரி என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது உலகெங்கும் இந்தத் துறை ஆட்டம் கண்டது, உலக நிதியமே கொடுப்பதாகச் சொன்ன மானியங்களை இடைநடுவில் குறைத்தது. ஆகவே முன்பு கிடைத்தது இப்போதும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது தூதரகங்களின் சிறு மானியங்கள். அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி இரண்டும் சின்ன அமைப்புகளைப் பார்க்கக்கூடியவை. தலைப்பில் பாலியல் நோய் என்று இருக்காது. பெண்கள் சுகாதாரம், மனித உரிமை, ஒதுக்கப்பட்டோர் என்று எதற்குள்ளாவது உங்கள் வேலை அடங்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் செலவழித்து முடிக்கச் சொல்வார்கள்.

பதிவு விஷயம் சுருக்கமாக. மாதர் சங்கம் பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கும், அது ஊருக்குள் வேலை செய்யப் போதும். வெளிநாட்டுக் காசு வாங்குவதென்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டர் நிறுவனமாகப் பதிய வேண்டும், அதோடு கணக்காய்வு செய்த கணக்குகளும் கேட்பார்கள். முதல் தடவைக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ஏற்கெனவே பதிந்த நிறுவனம் ஒன்றோடு உடன்படிக்கை எழுதிக்கொண்டு அவர்களுக்குக் கீழே செய்யுங்கள். அவர்கள் நிர்வாகச் செலவென்று எத்தனை சதவீதம் எடுப்பார்கள், காசு எந்தத் தேதிக்குள் உங்கள் கணக்குக்கு வரும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு முகத்தை முறிக்க வேண்டி வரும்.

சரி, இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். புரொபோசல் எழுதுவதற்கு முன்னால் திருகோணமலை ஆஸ்பத்திரியின் பாலியல் நோய் கிளினிக்குக்குப் போய் அவர்களிடம் என்ன இல்லை என்று கேளுங்கள். அங்கே பரிசோதனை இலவசம், மருந்து இலவசம், ஆணுறை இலவசம், யாருடைய கடிதமும் தேவையில்லை, பெயருக்குப் பதிலாக ஒரு இலக்கம் தருவார்கள். இல்லாதது ஒன்றுதான்: வந்து கதவைத் தட்டும் ஆட்கள். வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ ஒரு பெண் நகரத்துக்கு வந்து திரும்புவதென்றால் அன்றைய நாள் போய்விடும். கிண்ணியாப் பாலம் வந்த பிறகு பாதை லேசாகிவிட்டது உண்மைதான், ஆனால் கூலிக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. கிளினிக் வாசலில் ஊர்க்காரர் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆகவே உங்கள் பட்ஜெட்டில் பெரிய வரி பஸ் காசு, ஓட்டோக் காசு, இழந்த கூலிக்கு ஏதாவது, கூடப் போகும் பெண்ணுக்குக் கொடுப்பனவு என்றிருக்க வேண்டும். பதாகை, ரீசேர்ட், தொப்பி, கோப்பு, பேனா என்று நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். சுனாமிக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் கொட்டிய காசில் எத்தனை ஆயிரம் தொப்பிகள் அடித்தார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

இங்கேதான் பெரிய சிக்கல் வருகிறது, இதைப் பற்றி நிதி கொடுப்பவர்களின் வழிகாட்டிகள் அதிகம் பேசுவதில்லை. பயணக் காசு கொடுத்தால் கணக்காய்வாளர் கேட்பது பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கையெழுத்து. பாலியல் நோய்ப் பரிசோதனைக்குப் போகும் ஒருவர் இவ்வளவையும் ஒரு தாளில் எழுதித் தருவாரா? அந்தத் தாள் ஊர்ச் சங்கத்தின் அலுமாரியில் கிடக்கும், அலுமாரித் திறப்பு செயலாளரின் மருமகளிடம் இருக்கும், மருமகளுக்குத் தெரியாத ஆள் ஊரில் இல்லை. ஒரு நிதி வழங்குநரின் ஆட்கள் வரவுப் பட்டியலில் கையெழுத்து இல்லையென்று ஒரு முழு மாதச் செலவையே ஏற்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். காசு உண்மையில் போய்ச் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தாள் இல்லை. அடுத்த மாதம் களத்தில் வேலை செய்த பெண்கள் என்ன செய்தார்கள்? பிரச்சினை இல்லாத ஆட்களைக் கூட்டிப் போனார்கள், அவர்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். றிப்போர்ட் அழகாக வந்தது.

இதற்குத் தீர்வு இருக்கிறது, ஆனால் உடன்படிக்கை எழுதும்போதே கேட்டு வாங்க வேண்டும். இந்தத் துறையில் பழகிய நிறுவனங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டைப் பாவிக்கின்றன. அம்மாவின் பெயரில் இரண்டு எழுத்து, பிறந்த மாதம், ஊரின் முதலெழுத்து என்று அந்த ஆளாலேயே திரும்பத் திரும்பச் சொல்லக்கூடிய, மற்றவரால் எளிதில் ஊகிக்க முடியாத ஒன்று. வவுச்சரில் அந்தக் குறியீடு, தொகை, தேதி, கூடப் போனவரின் கையெழுத்து மட்டும். கிளினிக்கிலிருந்து மாத முடிவில் உங்கள் சங்கத்தின் வழியாக இத்தனை பேர் வந்தார்கள் என்ற மொத்த எண்ணிக்கை மட்டும் ஒரு தாளில், பெயரும் வேண்டாம், முடிவும் வேண்டாம். இரண்டையும் ஒப்பிட்டால் கணக்குச் சரி. இதை நிதி வழங்குநர் எழுத்தில் ஏற்றுக்கொள்ளாவிட்டால், மன்னிக்க வேண்டும், அந்தக் காசை வாங்காதீர்கள். ஒரேயொரு பெயர் வெளியில் போனாலும் அந்த ஊரில் அதன் பிறகு யாரும் உங்கள் சங்கத்தின் படியேற மாட்டார்கள்.

காலமும் முக்கியம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணக் காலம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. வெளி மாவட்ட மீனவர்கள் வந்து வாடி அடிப்பதும், அதாவது கரையில் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்குவதும், கடல் அடங்கியிருக்கும் அந்தக் காலத்தில்தான். ஆட்கள் கூடுகிறார்கள், கையில் காசு புழங்குகிறது, வீட்டை விட்டுத் தனியே இருக்கிறார்கள். மானியமோ பெரும்பாலும் சொன்ன திகதிக்கு வராது. மார்ச்சில் வருமென்ற காசு ஒக்டோபரில் வந்தால் மழை பிடித்துவிடும், ஹோட்டல் அரைவாசி மூடிக் கிடக்கும், வாடியில் நாய்தான் இருக்கும். ஆனால் டிசம்பருக்குள் இலக்கை முடி என்பார்கள். எனவே வேலைத் திட்டத்தில் பயிற்சி, ஆள் தேர்வு, கிளினிக்கோடு பேச்சு எல்லாவற்றையும் மழைக்காலத்தில் வைத்து, களவேலையை மே மாதத்தில் தொடங்குவதாக எழுதுங்கள். காசு பிந்தினால் முடிவுத் திகதியும் அதே அளவு தள்ளிப்போகும் என்று ஒரு வரி சேருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

மீனவர், டிரைவர், படை முகாம், வெளிநாடு போய் வந்த பெண்கள் என்று பெயர் குறித்து அறிக்கை எழுதும்போது கொஞ்சம் கவனம். மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களுக்குப் போகும் முன்னரே மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, திரும்பி வந்தால் கேட்க ஆளில்லை. அது சேவையில் உள்ள ஓட்டை. அதை ஓட்டை என்று எழுதாமல் இந்தப் பெண்கள்தான் நோயைக் கொண்டு வருகிறார்கள் என்ற தொனியில் எழுதினால் அந்த வரி எப்படியோ ஊருக்குள் வந்து சேர்ந்துவிடும்.

பொலிஸை மறக்க வேண்டாம். 1841ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, தெருவில் நிற்கும் பெண்களைப் பிடிப்பது பெரும்பாலும் அதில்தான். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகளும் அப்படியே. ஆணுறை வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் கைப்பையில் அது இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்ற பயத்தில் அதை வாங்காமலே போகிறவர்கள் உண்டு. உங்கள் களப் பணியாளர் பை நிறைய ஆணுறையோடு இரவில் மறிக்கப்பட்டால் என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையிலிருந்து ஒரு கடிதம், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியோடு ஒரு சந்திப்பு, ஒரு சட்டத்தரணியின் கட்டணம். மூன்றையும் பட்ஜெட்டில் எழுதலாம், யாரும் வெட்ட மாட்டார்கள்.

அப்புறம் இலக்கு. இத்தனை பேருக்குப் பரிசோதனை என்ற எண்ணைக் கொஞ்சம் குறைவாகப் போடுங்கள். அதிகம் போட்டால் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் போய் எண்ணை நிரப்ப வேண்டி வரும். அதைவிட, பரிசோதித்தவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் துணைக்கும் சிகிச்சை கிடைத்ததா என்பதைக் கிளினிக் தரும் மொத்த எண்ணிக்கையாக அளப்பதாக எழுதுங்கள். ஆரம்ப நிலைச் சிபிலிஸுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போதும், ஆனால் கணவனுக்குப் போடாமல் மனைவிக்கு மட்டும் போட்டால் திரும்பவும் தொற்றும். கொனோரியா, கிளமிடியா பெண்களுக்குப் பல நேரம் ஒரு அறிகுறியும் காட்டாது, அதனால் அறிகுறி இருந்தால் வாருங்கள் என்ற சுவரொட்டி அவர்களைச் சென்றடையாது.

உங்கள் மாதர் சங்கத்துக்கு இதில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெண்களை நேரே பாலியல் நோய் கிளினிக்குக்குக் கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குக்கு என்றால் கூட்டமாக வருவார்கள், அது கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய், மார்பு, பிரஷர், சீனி பார்க்கும் இடம்தானே. வெள்ளைபடுதல், அடிவயிற்று வலி என்று அங்கே வாய் திறந்தால் மருத்துவமாது மேற்கொண்டு வழி காட்டுவார். மூதூர், கிண்ணியாப் பள்ளிவாசல் நிர்வாகமும் சரி, கோயில் சபையும் சரி, இந்தப் பெயரில் போனால் தடுப்பதில்லை. 2017இலிருந்து ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி தடுப்பூசி போடுகிறார்கள், அதைப் பற்றித் தாய்மாரோடு பேசத் தொடங்கினாலே பேச்சு மற்றவற்றுக்கும் போகும். ஏற்கெனவே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சிபிலிஸ், எச்.ஐ.வி பரிசோதனை நடக்கிறது, தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அது பெரும்பாலும் நம் நாட்டு மருத்துவமாதுகள் வீடு வீடாக நடந்து செய்த வேலை. புரொபோசலில் இதை ஒரு பந்தியாக எழுதுங்கள், நீங்கள் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை என்று படிப்பவருக்குப் புரியும்.

முதல் விண்ணப்பத்தைச் சின்னதாகப் போடுங்கள்: ஒரு பிரதேச செயலகப் பிரிவு, ஒரு சீசன், கூடப் போகும் நாலைந்து பெண்கள், பயணக் காசு, கிளினிக்கோடு எழுதிய ஒப்புதல் கடிதம். காசு வராமலே போனாலும் கூடப் போவதை நிறுத்தத் தேவையில்லை, பஸ் காசைச் சங்கத்து நிதியிலிருந்து போடலாம். வெருகல், மூதூர்ப் பக்கத்து ஊரென்றால் மட்டும் கிளினிக் ஆட்களையே மாதம் ஒருமுறை உங்கள் பக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிப் பணிப்பாளர் பணிமனைக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். வாகனமும் சாரதியும் கிடைத்தால் வருவோம் என்பார்கள், அப்போது உங்கள் பட்ஜெட்டில் முதல் வரி வாகனக் கூலி.