மகன் தீயணைப்புத் துறைக்குப் போகிறேன் என்கிறான்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகன் "ஃபயர் சர்வீஸ்தான்" என்று பிடிவாதமாக இருக்கிறான், உயிருக்கு ஆபத்தான வேலையாயிற்றே, எப்படிச் சம்மதிப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, தஞ்சாவூரில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் "ஃபயர் அண்ட் சேஃப்டி" டிப்ளமோவுக்குக் கட்டணம் கேட்பதாகவும் சொல்கிறீர்கள். பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். உங்கள் ஊர் நிலையத்தில் இந்த வேலை என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் சம்மதிப்பதும் தவறு, மறுப்பதும் தவறு.

டெல்டாவின் ஒரு சிறு நகர நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் கட்டடத் தீ ஒரு பகுதிதான். சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் போர் எரியும். கோடையில் கூரை வீடு, கருவேலங்காடு, குப்பைக் கிடங்கு. மாடு கிணற்றில் விழும், வீட்டுக்குள் பாம்பு வரும், பனைமரத்தில் கதண்டு கூடு கட்டும். ஆடிப்பெருக்கன்று கொள்ளிடக் கரையிலும் காவிரிப் படித்துறையிலும் காவல் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் சாலையில் சாய்ந்த மரத்தை அறுத்து அகற்ற வேண்டும். பேருந்தும் லாரியும் மோதினால் நசுங்கிய கதவை ஹைட்ராலிக் கட்டரால் வெட்டி ஆளை வெளியே எடுக்க வேண்டும். துறையின் பெயரிலேயே 'மீட்புப் பணிகள்' இருக்கிறது.

வைக்கோல் போர் சின்ன விஷயமாகத் தோன்றும். அதில்தான் புதிதாக வருபவர் பாடம் கற்கிறார். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் வேய்ந்த கூரையில் வழிவதுபோல வழிந்து ஓடிவிடும், உள்ளே கனல் அப்படியே இருக்கும். போரைப் பிரித்து, கலைத்து, அடுக்கடுக்காக நனைக்க வேண்டும். பெரிய போராக இருந்தால் ஜேசிபி வேண்டும். அணைந்துவிட்டது என்று வண்டி கிளம்பிப் போன சில மணி நேரத்தில் மறுபடி புகையும்.

தண்ணீர்க் கணக்கு அதைவிடக் கடினம். 4,500 லிட்டர் தொட்டியுள்ள வண்டியிலிருந்து ஒரு முனை வழியாக நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் பத்து நிமிடத்தில் தொட்டி காலி. அடுத்த நடைக்குத் தண்ணீர் எங்கே? மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. தீ அதிகம் பிடிக்கும் மார்ச் முதல் மே வரை வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும். குளத்தில் தண்ணீர் இருந்தாலும் பம்ப் உறிஞ்சும் உயரம் நடைமுறையில் ஏழு மீட்டர் அளவுதான். அதற்குக் கீழே மட்டம் போய்விட்டால் கரையில் நிற்கும் வண்டி பம்பால் எடுக்க முடியாது. அதனால் எந்த அரிசி ஆலையில் தொட்டி இருக்கிறது, எந்த போர்வெல்லில் விரைவாக நிரப்பலாம், எந்தத் தெருவுக்குள் வண்டி திரும்பாது என்பது நிலையத்தில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பையன்கள் இந்த வேலையில் சிறப்பாக வருவதற்கு இந்த அறிவும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் முதல் பணியிடம் சொந்த ஊரிலேயே கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அழைப்பு இல்லாத நேரம் ஓய்வு நேரமென்று மகன் நினைத்திருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். காலையில் உடற்பயிற்சி, டிரில். பிறகு வண்டிச் சோதனை: டீசல், பேட்டரி, டயர் காற்று, தொட்டி மட்டம், பம்பை ஓட்டிப் பார்ப்பது. பயன்படுத்திய ஓஸ்களைக் கழுவி, தொங்கவிட்டு, முழுக்க உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் உட்புறம் கெட்டு, அடுத்த தீயில் அழுத்தம் ஏறும்போது வெடிக்கும். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 15 மீட்டர் நீள ஓஸில் தண்ணீர் நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டும் 47 கிலோ வரும். அப்படி இரண்டு மூன்றை இணைத்து மாடிப்படியில் இழுத்துப் போக வேண்டும். கயிற்று முடிச்சுகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் போடத் தெரிந்திருக்க வேண்டும். கிணற்றில் விழுந்தவரைத் தூக்கும்போது, ஆளை நாற்காலிபோல் தாங்கும் 'சேர் நாட்' முடிச்சு தவறாக இறுகினால் காப்பாற்றப் போனவரே காயப்படுத்திவிடுவார்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறோம். ஆபத்து இருக்கிறது, மறைக்க மாட்டோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிப்பது, 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகீன்' கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான். ஆனால் வீட்டில் நாம் கற்பனை செய்யும் ஆபத்து ஒன்று, வேலையில் உள்ள ஆபத்து வேறு. சுவாலையைவிடப் புகையும், விஷக் காற்றும், அறுந்த மின்கம்பியும், அவசரமாக ஓடும் வண்டியும் அதிக கவனம் கேட்பவை.

பயன்படாத கிணற்றையும் கழிவுநீர்த் தொட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும், 19.5க்குக் கீழே போனாலே பாதுகாப்பில்லை. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் விழ, மூன்றாமவரும் விழுவதுதான் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப முடியாது. மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிப்புக்குக் காரணமாகும், ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருப்பதை விளக்கு காட்டாது. பயிற்சி பெற்றவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்.

அந்தக் கருவிக்கும் கணக்கு உண்டு. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம். ஆளைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது மூச்சு 60, 70 லிட்டருக்குப் போகும், அரை மணி நேரம்கூடத் தாங்காது. அழுத்தம் ஏறத்தாழ 55 பாருக்கு இறங்கியதும் விசில் அடிக்கும். விசில் கேட்ட பிறகு கிளம்பலாம் என்று இருப்பவர் பிழை செய்கிறார், திரும்பும் வழிக்கான காற்றை முதலிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாமல் காற்று கசியும். மகனுக்குத் தாடி பிடிக்கும் என்றால் இதைச் சொல்லிவைக்கலாம்.

ஆகவே, துணிச்சல்காரப் பையனா என்று மட்டும் பார்க்காதீர்கள். சொன்ன ஒழுங்கை யாரும் பார்க்காதபோதும் கடைப்பிடிப்பவனா என்று பாருங்கள். பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் பறக்கும் பழக்கம் இருந்தால், இந்த வேலைக்கு அது நல்ல அறிகுறி இல்லை. குடும்ப வாழ்க்கையும் மாறும். நிலையத்திலேயே தங்கும் நீண்ட ஷிப்ட் பணி. தீபாவளி இரவு வீட்டில் இருக்க முடியாது.

ஆள் சேர்ப்பை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வு. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. வயது 18 முதல் 26, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28 வரை, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 31 வரை. ஊதிய விகிதம் 18,200 – 67,100. டிப்ளமோ எதுவும் கேட்பதில்லை, அதற்குத் தனி மதிப்பெண்ணும் இல்லை. தனியார் டிப்ளமோவுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான். "அரசு வேலை உறுதி" என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 32, எடுத்தால்தான் முதன்மைத் தாளைத் திருத்துவார்கள். முதன்மைத் தாள் 70 கேள்விகள்: பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்றதும் பயப்பட வேண்டாம், தர்க்கம், கணக்கு, தகவலைப் படித்து விடை சொல்லுதல் ஆகியவைதான். பொது அறிவுக்கு ஆறு முதல் பத்து வரையிலான சமச்சீர்ப் புத்தகங்களை முழுதாகப் படித்தாலே பெரும்பகுதி தேறும். உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6, ஆக மொத்தம் 100.

படிப்பைத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு சோதனைகள். உயரம் 170 சென்டிமீட்டர் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 167), மார்பு 81, மூச்சை இழுத்தால் 86. காலணி இல்லாமல், சுவரில் சாய்த்து, காலையில் அளந்து பாருங்கள். அடுத்தது கண். அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் நிறக்குருடு சோதனை செய்துவிடுங்கள். இரண்டு ஆண்டு தயாராகி, எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு தெரிந்து வெளியேறுவது பெரிய வேதனை. சில நிமிடச் சோதனையில் அதைத் தவிர்க்கலாம்.

ஓட்டம் 1,500 மீட்டர், ஏழு நிமிடத்துக்குள். 400 மீட்டர் சுற்றுக்கு 112 வினாடி. முதல் சுற்றை 80 வினாடியில் ஓடிவிட்டு மூன்றாம் சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் வழக்கமான தோல்வி. ஒரே வேகத்தில், 105 வினாடி அளவில், நான்கு சுற்றும் ஓடப் பழகட்டும். கயிறு ஏறுவதில் கைவலுவை மட்டும் நம்புபவர்கள் பாதியில் தொங்குகிறார்கள். கயிற்றைக் காலால் பூட்டி, காலால் உடலைத் தள்ளக் கற்க வேண்டும். நல்ல தடித்த கயிற்றை உறுதியான மரக்கிளையில் கட்டி, கீழே மணல் கொட்டி, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யட்டும். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு ஓடத் தொடங்குவது பெரிய பிழை. திடீரென்று தார்ச்சாலையில் தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து, தேர்வு நாளில் நொண்ட வேண்டியிருக்கும். இன்றே, வாரம் நான்கு நாள், மண் தரையில் தொடங்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2022, 2023 அறிவிப்புகளில் தீயணைப்பாளர் பணியிடம் ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. ஆனால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வு வழியாக இதே துறையின் மாவட்ட அலுவலர் பணிக்குப் பெண்கள் வரலாம். பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அந்த வழியில் 2003இல் வந்தவர்கள். 2012இல் சென்னை எழிலகத் தீ விபத்தில் களத்தில் நின்று காயமடைந்தவர் பிரியா. மகள் பட்டப்படிப்பை முடிக்கட்டும், பாதை அங்கே இருக்கிறது.

மகனுக்கு வேறு வாசல்களும் உண்டு. மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் கான்ஸ்டபிள் (ஃபயர்) பணிக்கு அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ, வயது 18–23, 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். விமான நிலைய ஆணையத்தின் தீயணைப்புப் பணிக்கு பிளஸ் டூவோடு ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள். படிக்க வசதி இருந்தால் நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரியிலும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் முறையான தீப் பொறியியல் படிப்பு இருக்கிறது. மாநிலப் பணியில் சேர்ந்தாலும் கனரக வாகன உரிமம் கைகொடுக்கும், ஏனென்றால் சம்பவ இடத்தில் பம்பை இயக்குவது ஓட்டுநர்தான். பதவி உயர்வு மெதுவாகவே நடக்கும், ஆகவே வேலையில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் ஒரு பட்டம் எடுத்துவைத்தால் நிலைய அலுவலர் நேரடித் தேர்வையும் எழுதலாம்.

அந்த அலுவலர் வேலையில் பாதி, தீ வராமல் தடுப்பது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளில் கூரைக் கொட்டகையும் வெளியேறும் வழியும் எவ்வளவு கடுமையாகப் பார்க்கப்பட வேண்டியவை என்பதை உங்கள் பகுதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீபாவளிக்கு முன் தற்காலிகப் பட்டாசுக் கடைகள் ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி, எதிரெதிரே பார்க்காமல் இருக்கின்றனவா என்று அளந்து பார்ப்பதும் இந்த வேலைதான். கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காக அளவுநாடாவைச் சுருட்டிக்கொள்ளாதவர் வேண்டும்.

இந்த மாதமே செய்ய வேண்டியது: சாதிச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, என்.சி.சி. சான்று எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பத்துவரை தமிழ்வழியில் படித்திருந்தால் 20 சதவீத ஒதுக்கீட்டில் உரிமை உண்டு. பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமும் தனித்தனியாகத் தமிழ்வழிச் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு போனால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், இப்போதே போய் வாங்கிவிடுங்கள்.