அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிய பிள்ளைக்கு என்ன படிப்பு?

அன்புள்ள தங்கச்சி,

மல்லாவியிலிருந்து நீங்கள் எழுதிய நாலு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். மகள் உயர்தரத்தில் பயோ (உயிரியல்) பிரிவு. சோதனைக்கு இன்னும் எட்டு மாதம். "டொக்டருக்குப் படி எண்டால், மூளையைப் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீங்கள். போதாக்குறைக்குப் போன மாதம் அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி, கால் இழந்த மாமாவின் தொடைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்திருக்கிறாள். நல்லா ஏசினீங்களாம்.

ஏச்சு கிடக்கட்டும், கண்ணாடிக்கு வருவோம்.

மாமாவுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆனாலும் இரவில் அந்த இல்லாத காலின் பெருவிரல் மடங்கி இறுகி வலிக்கிறது என்கிறார். கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்கள் இதைச் சொல்லி நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பிரமை என்று வீட்டுக்காரர் சொல்ல, அவர்களும் பிறகு வாயைத் திறப்பதில்லை. அது பிரமை இல்லை. கால் போனாலும் மூளையில் காலுக்கென்று இருக்கும் இடம் போவதில்லை. அந்த இடம் இன்னும் வேலை செய்கிறது, பதில் சொல்லத்தான் கால் இல்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிபோர்னியாவில் இதற்கு ஒரு கண்ணாடியைத்தான் எடுத்தார். இருக்கிற கையின் விம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து, இருக்கிற கையை விரித்து மடக்கச் சொன்னார். இறுகிக் கிடந்த கை விரிவதாகச் சிலர் உணர்ந்தார்கள். 2007இல் கால் இழந்த அமெரிக்கப் படையினரிடம் 4 வாரம் இதைச் செய்து பார்த்தார்கள். கடைசிவரை நின்றவர்கள் 18 பேர்தான். அதில் கண்ணாடியைப் பார்த்த பிரிவில் எல்லாருக்கும் வலி குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பலன் தரும், சிலருக்குத் தராது. உங்கட மகள் இதை எங்கேயோ வாசித்து, வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறாள். அலுமாரி பாவம்தான்.

இனிப் படிப்பு. "டொக்டரா, மூளை ஆராய்ச்சியா" என்று அவளிடம் கேட்காதீங்கோ. நோவோடு வருகிற ஆளுக்குப் பக்கத்தில் இருக்க விருப்பமா, அந்த நோ எப்படி வருகிறது என்று ஆய்வுகூடத்தில் இருந்து தேட விருப்பமா என்று கேளுங்கோ. பாதை அங்கேதான் பிரிகிறது.

முதலாவது என்றால் மெடிசின் நல்ல வழி. எம்.பி.பி.எஸ். 5 வருடம், உள்ளகப் பயிற்சி 1 வருடம், அதற்குப் பிறகுதான் நரம்பியல் பட்டமேற்படிப்பு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளிக்காக ஊரே பயப்படுகிறது. ஆனால் இடங்களில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. உங்கட முல்லைத்தீவு மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சோதனையை மூன்று தரம் எழுதவும் முடியும்.

மெடிசின் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்கிற கதையை மட்டும் வீட்டில் கதைக்காதீங்கோ. இயன்மருத்துவம் (பிசியோதெரபி) பேராதனையிலும் கொழும்பிலும் படிக்கலாம். பேச்சு, கேட்டல் சிகிச்சைக்கு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் இருக்கிறது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லுவன். பாரிசவாதம் வந்து பேச்சு இழந்த ஒரு அம்மம்மாவுக்கு "தண்ணி" என்ற சொல்லைத் திரும்பப் பழக்க, தமிழிலேயே பழக்கத் தெரிந்த ஆள் வேணும். சிங்களமோ இங்கிலீசோ அங்கே உதவாது. தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுப் பிரிவு கட்டியிருக்கிறார்கள். கட்டடம் இருந்தால் மட்டும் போதுமா, அங்கே வேலை செய்ய எங்கட பிள்ளைகள் படித்து வர வேண்டாமா?

இரண்டாவது என்றால் எம்.பி.பி.எஸ். கட்டாயமே இல்லை. நாங்கள் நிற்கிற இடத்தை மூளை எப்படி அறிகிறது என்று கண்டுபிடித்ததற்கு 2014இல் நோபல் பரிசு பெற்ற மூன்று பேரும், ஜோன் ஓகீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர், உளவியல் படித்து வந்தவர்கள். 2024 ஒக்டோபரில் ஒரு பழ ஈயின் மூளை வரைபடம் முழுமையாக வெளிவந்தது. கிட்டத்தட்ட 139,000 நரம்புக்கலங்கள், 5 கோடி இணைப்புகள். அந்த வேலையில் பெரும்பங்கு கணினிக்கு, கணினி விட்ட பிழைகளைத் திருத்தியது மனிதக் கண்கள். மனித மூளையில் நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்றால், இன்னும் எவ்வளவு வேலை கிடக்கிறது பாருங்கோ. உயிரியலோ கணினி விஞ்ஞானமோ, நல்ல முதல் பட்டம் ஒன்று எடுத்துவிட்டுப் பிறகு வெளிநாட்டில் புலமைப்பரிசில் தேடலாம். அவசரம் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். "நியூரோ சயன்ஸ் டிப்ளோமா, ஆறு மாதம், வெளிநாட்டில் வேலை" என்று யாராவது வந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்ததா என்று பார்க்காமல் ஒரு சதமும் கட்டாதீங்கோ. காணியை ஈடு வைத்துக் கட்டிவிட்டு என் மேசைக்கு முன்னால் இருந்து அழுத தகப்பன்மாரைக் கண்டிருக்கிறேன்.

அவள் இரவு இரண்டு மணிவரை படிக்கிறாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீங்கள். அதை நிப்பாட்டுங்கோ. பகலில் எலி ஓடித் திரிந்த வழியை, அது நித்திரை கொள்ளும்போது அதே மூளைக்கலங்கள் திரும்ப ஓடிப் பார்ப்பதை 1994இலேயே பதிவு செய்துவிட்டார்கள். படித்தது மூளையில் நிலைக்கிற நேரம் நித்திரை. ரியூஷனை ஒன்றால் குறைத்தாலும் பதினொரு மணிக்குப் படுக்கச் சொல்லுங்கோ. மூளையைப் படிக்கப் போகிற பிள்ளை, இதை மறுக்க மாட்டாள்.

அடுத்த புதன்கிழமை நான் பிரதேச செயலகத்தில் இருப்பேன். சாதாரணதரப் பெறுபேறும் போன தவணை மதிப்பெண்களும் கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அதற்கு முதல் மாமாவிடம் ஒருக்கால் கேளுங்கோ, கண்ணாடி வைத்த அன்றிரவு வலி எப்படி இருந்தது என்று. நாலு பக்கம் எழுதியிருக்கிறீங்கள், அது மட்டும் அதில் இல்லை.