நன்கொடை கேட்டு எழுதினால் பதிலே வருவதில்லை. சோர்ந்துபோகாமல் எப்படித் தொடர்வது?

"அறுபது பேருக்கு எழுதினேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை, இந்த வேலைக்கு நான் லாயக்குதானா?" என்ற கேள்விக்கு என் பதில்.

மறுப்பு வந்தால் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடலாம். ஆளை உருக்குலைப்பது மௌனம்தான். காரணம் தெரியாததால் குறை நம்மிடம் என்றே மனம் முடிவுகட்டிவிடும். அதனால் முதலில் மௌனத்தைப் பிரித்துப் பாருங்கள். மடல் போய்ச் சேரவில்லையா, படிக்கவில்லையா, படித்துவிட்டுத் தள்ளிப்போட்டார்களா, வேண்டாம் என்றே விட்டார்களா?

போய்ச் சேர்ந்ததா என்பதைப் பலரும் பார்ப்பதே இல்லை. அதே மடலை வெவ்வேறு மின்னஞ்சல் சேவைகளில் உள்ள நான்கு நண்பர்களுக்கு அனுப்பி, ஸ்பாமில் விழுகிறதா என்று கேளுங்கள். விழுந்தால் உங்கள் டொமைனுக்கு (மின்னஞ்சல் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள், அதாவது மடல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டுபவை, சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து இந்த மூன்றும் கட்டாயம்.

மடல் அனுப்பும் சேவைகள் காட்டும் 'திறந்தவர்கள்' எண்ணிக்கையைப் பார்த்து நொந்துபோகாதீர்கள். 2021-இல் வந்த ஆப்பிள் மெயில் தனியுரிமை வசதி, ஆள் படிக்காவிட்டாலும் மடலிலுள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும்; அதுவும் 'திறந்தார்' என்றே பதிவாகும். பதில் வந்ததா, பணம் வந்ததா, இவை இரண்டைத்தான் நம்பலாம்.

பெரும்பாலான மௌனம் தள்ளிப்போடுதல்தான். "இயன்றதைத் தாருங்கள்" என்றால் எவ்வளவு என்று யோசிக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. 'அப்புறம் பார்ப்போம்' என்று மூடிவிடுவார். ஒரு மடலில் ஒரே வேண்டுகோள், ஒரு தொகை, ஒரு கடைசித் தேதி. ஐந்தாம் நாள் அதே மடலின் தொடர்ச்சியாக இரண்டே வரி நினைவூட்டல். பன்னிரண்டாம் நாள் ஒரு போன். நான்காவது வாரம் இப்படி எழுதுங்கள்: "இம்முறை வசதிப்படாது என்றால் 'இல்லை' என்று ஒரு வரி போதும், மூன்று மாதம் தொந்தரவு செய்யமாட்டேன்." இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே பேசாமல் இருந்தவர்கள் இதற்குப் பதில் போடுவார்கள். அதற்கும் நன்றி சொல்லிக் கணக்கை முடித்துவிடுங்கள். அறக்கட்டளைகள் என்றால் அறங்காவலர் குழு எப்போது கூடுகிறது என்று முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன் பதில் வராததை மௌனமாகவே கணக்கில் எடுக்க வேண்டாம்.

முன்பு கொடுத்தவர் இப்போது பேசாமல் இருந்தால், கடைசியாக அவருக்குப் போன மூன்று மடல்களை எடுத்துப் பாருங்கள். மூன்றும் பணம் கேட்டவையா? அப்படியானால் அடுத்தது, அவர் கொடுத்தது என்னவாயிற்று என்று மட்டும் சொல்லட்டும்.

வாரம்தோறும் போடும் வேலைக் கணக்கில் வந்த பணத்தைச் சேர்க்காதீர்கள்; அது உங்கள் கையில் இல்லை. பத்துப் புதிய மடல், பதினைந்து நினைவூட்டல், ஐந்து போன், மூன்று நன்றி மடல் என்று எண்ணுங்கள். வரவை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இதில் ஒரு பொறி உண்டு: எண்ணிக்கைக்காக ஒரே மடலை நகலெடுத்துத் தள்ளத் தோன்றும். அவருக்கென்றே எழுதிய ஒரு வரியாவது இல்லாத மடலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போன்களை ஒரே மணிநேரத்தில் அடுத்தடுத்துப் பேசிவிடுங்கள். முதல் போன், ஏற்கெனவே கொடுத்த ஒருவருக்கு நன்றி சொல்ல மட்டும். அதற்குப் பிறகு வரும் குரலே வேறு.

இத்தனையும் செய்து மூன்று மாதமாகியும் அசைவே இல்லையென்றால், மடலைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், பட்டியலை மாற்றுங்கள். எங்கிருந்தோ வாங்கிய முகவரிகளில் இருப்பவர்களுக்கு உங்களை யாரென்றே தெரியாது. நிகழ்ச்சிக்கு வந்தவர்கள், தன்னார்வலர்கள், பழைய நன்கொடையாளர்கள், அவர்கள் அறிமுகப்படுத்தியவர்கள் என்று அறுபது பெயர் தேறினால், மறுபடி முதல் மடலிலிருந்து அதே சுற்றுதான்.